மான் ஜெர்க்கி வீட்டு ஓவனில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான் இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, உப்பும் மசாலாவும் ஏற ஊறவைத்து, ஈரம் போகும்வரை காயவைத்தால் ஜெர்க்கி. வேலை பெரிதில்லை, நேரம்தான் பிடிக்கும். ஆனால் ஓவனுக்குள் இறைச்சி காய்வதும் வேகுவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு இறங்குபவர்கள் நிறைய. கீழே வரும் பதில்களில் பாதி அந்தக் குழப்பத்தைச் சுற்றித்தான்.

உலர்த்தி எனப்படும் உணவு காயவைக்கும் கருவி இல்லாமல், சாதாரண ஓவனிலேயே நன்றாக வருமா?

வரும். ஜெர்க்கிக்குத் தேவை மிதமான சூடும், ஈரக் காற்று வெளியேற ஒரு வழியும். உலர்த்தியில் விசிறி அந்த வேலையைச் செய்கிறது. ஓவனில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து நாம் செய்துகொள்கிறோம். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், சமையலறை சூடாகும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தில் ஓவனே மேல்: மலிவான உலர்த்திகள் சில 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவே திணறும். ஓவனுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

மானில் எந்தப் பகுதி ஜெர்க்கிக்கு ஏற்றது?

பின்னந்தொடை. அங்கே பெரிய தசைகள் தனித்தனியாகப் பிரியும், நார்கள் ஒரே திசையில் ஓடும், கொழுப்பும் இருக்காது. தொடைக்குள் உருளையாக ஒரு சிறு தசை இருக்கும். கீற்று போட அதைவிட வசதியான துண்டு மானில் இல்லை. முன்கால், கழுத்துப் பகுதிகளில் சவ்வும் நரம்பும் பின்னிக் கிடக்கும். அவற்றைக் குழம்புக்கோ கொத்துவதற்கோ ஒதுக்கிவிடுங்கள். முதுகோரம் இருக்கும் மிருதுவான தசையையும் சிலர் ஜெர்க்கியாக்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண். அதைச் சுடச்சுடச் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

கொழுப்பை முழுக்க எடுத்துவிட வேண்டுமா? கொஞ்சம் இருந்தால் ருசி தானே?

மாட்டிறைச்சியில் அந்த வாதம் ஓரளவு செல்லும், மானில் செல்லாது. மான் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மெழுகு போல வாயின் மேலண்ணத்தில் ஒட்டும். போதாததற்கு, கொழுப்பு காயாது. இறைச்சி நீரை இழந்து உலர்ந்த பிறகும் அது அப்படியே உட்கார்ந்திருக்கும், சில நாளில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கண்ணில் படுவதை எல்லாம் நறுக்கி எறியுங்கள்.

தசையின் மேல் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் சவ்வையும் உரிக்க வேண்டும். காய்ந்தால் அது தோல்வார் ஆகிவிடும், மெல்லவே முடியாது. கத்தி நுனியைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, கூர்முனை கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்படி இழுத்தால் இறைச்சி அதிகம் வீணாகாமல் வரும். காட்டு வாடை அடிக்கிறது என்று புலம்புபவர்களுக்கும் இதுவே பதில். அந்த வாடையின் பெரும் பங்கு கொழுப்பிலும் சவ்விலும்தான் இருக்கிறது. மசாலாவைக் கூட்டி அதை மறைக்கப் பார்ப்பதைவிடக் கத்தியைத் தீட்டுவது மேல்.

எவ்வளவு மெல்லியதாக வெட்டுவது?

5 மில்லிமீட்டர் நல்ல அளவு. 6-ஐத் தாண்ட வேண்டாம். பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் சூடும் நேரமும் அந்தத் தடிமனுக்குள் இருக்கும் கீற்றுகளைக் கணக்கில் வைத்துச் சொன்னவை. அதைவிட முக்கியம், எல்லாக் கீற்றும் ஒரே தடிமனில் இருப்பது. ஒன்று 3, ஒன்று 8 என்று வெட்டினால் ஒன்று கருகும்போது இன்னொன்று ஈரமாக இருக்கும்.

பச்சை இறைச்சி கத்திக்கு வழுக்கும். ஃப்ரீசரில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்து, வெளிப்புறம் கெட்டிப்பட்டு நடுவில் இன்னும் அமுங்கும் நிலையில் எடுத்து வெட்டுங்கள். முழுக்க உறைந்த துண்டாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதி உருகவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து உருக வைக்காதீர்கள்.

நாரோடு வெட்டுவதா, நாருக்குக் குறுக்கே வெட்டுவதா?

உங்கள் பல்லைப் பொறுத்தது. நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் இழுத்து இழுத்து மெல்லும் ரகம் கிடைக்கும். குறுக்கே வெட்டினால் சுலபமாகக் கடிபடும், ஆனால் உதிரும். மானில் கொழுப்பில்லாததால் நார்த் திசையில் வெட்டியது ரொம்பவே முரடாகிவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடும் வீடென்றால் குறுக்கே. நடுவழியும் உண்டு, சாய்வாக வெட்டுவது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஊறவைக்க ஒரு நம்பகமான கலவை சொல்லுங்கள்.

சுத்தம் செய்து நறுக்கிய இறைச்சி 1 கிலோவுக்கு:

சோயா சாஸ் 120 மில்லி, வூஸ்டர்ஷைர் சாஸ் 60 மில்லி, பழுப்புச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த மிளகு 2 தேக்கரண்டி, பூண்டுப் பொடி 1 தேக்கரண்டி, வெங்காயப் பொடி 1 தேக்கரண்டி, காரம் வேண்டுமென்றால் மிளகாய்ச் செதில் 1 தேக்கரண்டி.

வேறு உப்பு சேர்க்க வேண்டாம். சாதாரண சோயா சாஸ் 120 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, இறைச்சி எடையில் சுமார் 2 சதவீதம். கலவை நாக்குக்கு மிதமாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். நீர் போய்விடும், உப்பு போகாது. காய்ந்த பிறகு அதே உப்பு இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு தூக்கலாகத் தெரியும். முதல் முறை செய்பவர்கள் செய்யும் ஜெர்க்கி பெரும்பாலும் கரிப்பதற்கு இதுதான் காரணம். உப்பு குறைக்கப்பட்ட சோயா சாஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பூண்டு, இஞ்சியைப் பச்சையாக அரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அந்த விழுது கீற்றின் மேல் ஒட்டிக்கொண்டு கருகும். பொடிதான் வசதி. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். கொழுப்பைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் எண்ணெய்க்கும் பொருந்தும்.

எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?

6 முதல் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில், 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. ஜிப் வைத்த கவரில் போட்டு இடையில் இரண்டு மூன்று முறை பிசைந்து திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் சமமாக ஏறும். மெல்லிய கீற்றுக்கு ஒரு ராத்திரி போதும். இரண்டு நாள் ஊறவைத்தால் ருசி இரட்டிப்பாகாது, உப்புதான் இரட்டிப்பாகும்.

நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்பு உப்பு அவசியமா?

கீற்று ஜெர்க்கிக்கு அவசியமில்லை, போட்டால் நல்லது. சோடியம் நைட்ரைட் 6.25 சதவீதம் கலந்த அந்த உப்பு கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும், நிறத்தைச் சிவப்பாக வைக்கும், பதப்படுத்திய இறைச்சிக்கே உரிய அந்த ருசியைத் தரும். அளவு, 1 கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள், கிராம் தராசில் நிறுத்துப் போடுங்கள். கூடிப்போனால் நைட்ரைட் நஞ்சு.

இரண்டு எச்சரிக்கைகள். கடையில் இளஞ்சிவப்பாகக் கிடைக்கும் இமயமலை உப்பில் நைட்ரைட் கிடையாது, நிறம்தான் ஒன்று. அப்புறம், பதப்படுத்தும் உப்பில் 1, 2 என்று இரு வகை உண்டு. இரண்டாவதில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். அது மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் இறைச்சிக்கானது. ஜெர்க்கிக்கு 1 மட்டும்தான்.

காயவைப்பதற்கு முன் இறைச்சியை வேகவைக்கச் சொல்கிறார்களே, எதற்கு? ஓவன் சூடாகத்தானே இருக்கிறது?

ஓவனின் காற்று சூடாக இருக்கிறது, இறைச்சி அப்படி இல்லை. ஈரமான பொருளிலிருந்து நீர் ஆவியாகும்போது அது அந்தப் பொருளிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது போலத்தான். அதனால் ஓவன் 75 டிகிரி காட்டினாலும், ஈரம் இருக்கும்வரை கீற்றின் சூடு அதைவிடப் பல டிகிரி கீழேதான் நிற்கும். ஈரம் போன பிறகுதான் அது ஏறும்.

அப்போது ஏறினால் போதாதா என்றால், போதாது. கிருமிகள் ஈரமான சூட்டில் எளிதாகச் சாகும். மெல்ல மெல்லக் காய்ந்த பரப்பில் அவை சூட்டைத் தாங்கும் திறனைப் பெற்றுவிடுகின்றன. குறைந்த சூட்டில் காய்ந்துபோன ஒரு கீற்றில் ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் உயிரோடு இருக்கலாம், பார்க்க எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தாலும் சரி. அமெரிக்க வேளாண்மைத் துறை, மான் உள்ளிட்ட இறைச்சிகளைக் காயவைக்கும் முன்பே 71 டிகிரிக்கு, அதாவது 160 பாரன்ஹீட்டுக்குச் சூடாக்கச் சொல்வது இதனால்தான்.

வெறும் பயமுறுத்தல் இல்லை இது. 1995-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வீட்டில் செய்த மான் ஜெர்க்கியைச் சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை ஓ157:எச்7 தொற்று ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. ரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும், சிலருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும் வகை அது. மாட்டின் குடலில் வாழும் கிருமி என்றுதான் அதைப் பெரும்பாலும் சொல்வார்கள். மானின் குடலிலும் வாழும்.

உப்பும் சோயாவும் கொன்றுவிடாதா? கொல்லாது. இந்த அளவு உப்பு கிருமியின் வளர்ச்சியை மந்தப்படுத்தும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஃப்ரீசரும் அப்படித்தான், பாக்டீரியாவைத் தூங்க வைக்கும், சாகடிக்காது.

சரி, அந்த 71 டிகிரியை எப்படி எட்டுவது?

இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதல் வழி, காயவைக்கும் முன். கீற்றுகளை ஊறிய கலவையோடு பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கொதிக்க விட்டு, 5 நிமிடம் கொதித்ததும் வடித்துவிட்டு ஓவனுக்கு அனுப்புங்கள். கலவை குறைவாக இருந்தால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்க்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு கீற்றை எடுத்து, மெல்லிய தெர்மாமீட்டரின் முனையைச் சுற்றிப் போர்த்திப் பாருங்கள். 71 காட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் கீற்றுக்குள் முனையைக் குத்திப் பார்க்க முடியாது, சுற்றினால்தான் சரியாகக் காட்டும். கொதிக்கவைக்கப் பிடிக்காவிட்டால் ஆவியில் வைத்தும் அதே சூட்டை எட்டலாம்.

இரண்டாம் வழி, காயவைத்த பிறகு. காய்ந்த பரப்பில் கிருமி சூட்டைத் தாங்கும் என்பதால் இதில் சூடு மிக அதிகமாக வேண்டும். கீற்றுகளை 63 முதல் 68 டிகிரியில் குறைந்தது 4 மணி நேரம் காயவைத்து, முடிந்த உடனே 135 டிகிரிக்கு முன்சூடு செய்த ஓவனில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி 10 நிமிடம் வைப்பது. இதை ஆறவிட்டு நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளக் கூடாது.

எது மேல்? மெல்லும்போது கிடைக்கும் அந்தப் பழைய ஜெர்க்கி இழுவை இரண்டாம் வழியில்தான் அப்படியே கிடைக்கும். கொதிக்கவைத்ததில் நிறம் கொஞ்சம் சாம்பலாகும், நார் சற்று உதிரும். ஆனால் சீக்கிரம் காயும். இருந்தாலும், காட்டில் சுட்டு, காட்டிலேயே குடலெடுத்து, வண்டியில் கொண்டுவந்த மான் என்றால் நான் கொதிக்கவைக்கும் வழியைத்தான் சொல்வேன். அந்த இறைச்சி என்னென்ன பட்டு வந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. பண்ணையில் வளர்த்து, பரிசோதித்து விற்ற இறைச்சி என்றால் இரண்டாம் வழியை யோசிக்கலாம்.

நாமே வேட்டையாடிய மான் என்றால் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

மான் வேட்டைக்குச் சட்டம் இடம் தராத நாடுகள் பல. இடம் தரும் நாடுகளிலும் உரிமமும் பருவமும் உண்டு. அது முதல் விஷயம்.

குண்டு வயிற்றில் பட்டு, குடல் கிழிந்து, சாணம் இறைச்சியில் கலந்திருந்தால் அந்த மானை ஜெர்க்கியாக்காதீர்கள். பட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மீதியை நன்கு வேகும் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குண்டு ஈயமென்றால் இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து ஒரு சாண் தாண்டியும் சிதறியிருக்கலாம். ரத்தம் கட்டிக் கறுத்த சதை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊறும்போது ருசி பார்க்கிறேன் என்று பச்சைக் கீற்றை வாயில் போடாதீர்கள். மான் தசையில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிகள் இதில் ரொம்பவே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மான்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease, மானை நாள்பட மெலிய வைக்கும் மூளை நோய்)? ஓவன் சூடு அதைக் கொல்லுமா?

கொல்லாது. இங்கே கொல்வதற்கு உயிருள்ள கிருமியே இல்லை. பிரியான் எனப்படும் உருக்குலைந்த புரதத்தால் வரும் நோய் அது. 1967-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. பிறகு வட அமெரிக்காவின் பல பகுதிகளிலும், நார்வே, தென் கொரியா போன்ற நாடுகளிலும் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் சமையல் சூட்டில் பிரியான் அழியாது என்பதால், நோய் பரவியிருக்கும் பகுதியில் வேட்டையாடினால் சாப்பிடும் முன் மானைப் பரிசோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். நோய் உறுதியானால் அந்த இறைச்சியை உண்ணக் கூடாது. முடிவு வரும்வரை ஃப்ரீசரில் தனியாக, பெயர் எழுதி வைத்துக் காத்திருங்கள். மெலிந்து, தள்ளாடி, எச்சில் வடிய நிற்கும் மான் என்றால் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஓவனை எப்படித் தயார் செய்வது?

முதலில் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஓவன் முகப்பில் இருக்கும் எண்ணை நம்பி ஜெர்க்கி செய்யக் கூடாது. குறைந்த சூட்டில்தான் அது அதிகம் பொய் சொல்லும். வெறும் ஓவனை மிகக் குறைந்த அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டு, கதவைச் சற்றுத் திறந்த நிலையில் உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 70 முதல் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. பல ஓவன்களில் கீழ் எல்லையே 75 அல்லது 80-தான், சிலவற்றில் 95. அப்படிப்பட்டதில் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தால் இறங்கும். மேலே சொன்ன இரண்டாம் வழிக்கு 63 முதல் 68 தேவை; உங்கள் ஓவன் அவ்வளவு இறங்காவிட்டால் 70-க்கு மேலே போவதில் தவறில்லை, சூடு குறைவதுதான் தவறு.

அடித் தட்டில் ஒரு பெரிய ட்ரே வைத்து அலுமினியத் தாள் விரித்துவிடுங்கள், சொட்டுவதைப் பிடிக்க. ஓவனின் தரையிலேயே தாளை ஒட்டாதீர்கள், காற்றும் சூடும் தடைப்படும். கீற்றுகளை வடித்து, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, கம்பி ரேக்கில் ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். அதிகம் செய்கிறீர்கள் என்றால், பல்குத்தும் குச்சியைக் கீற்றின் ஒரு முனையில் செருகி, மேல் ரேக்கின் கம்பிகளுக்கிடையே தொங்கவிடலாம். ஒரே ரேக்கில் பல மடங்கு கொள்ளும், இரண்டு பக்கமும் ஒருசேரக் காயும், திருப்பிப் போடும் வேலையும் மிச்சம்.

கதவைத் திறந்து வைத்தே ஆக வேண்டுமா?

விசிறியும் ஈரம் வெளியேறும் துளையும் உள்ள ஓவனில் மூடி வைத்தும் சமாளிக்கலாம், அல்லது அரை மணிக்கு ஒருமுறை திறந்து ஆவியை விரட்டலாம். சாதாரண ஓவனில் ஒரு மரக்கரண்டியைக் கதவிடுக்கில் செருகி 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுவதுதான் வழக்கம். மூடினால் ஈரம் உள்ளேயே சுழலும், கீற்று காயாமல் வேகும்.

சில புது ஓவன்கள் கதவு திறந்தால் தானாக அணைந்துவிடும். கதவுக்கு மேலே இருக்கும் திருப்பும் குமிழ்கள் சூடாகி உருகும் மாடல்களும் உண்டு. கையேட்டைப் பாருங்கள். எரிவாயு ஓவன் என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் இருந்தால் திறந்த கதவு வேண்டவே வேண்டாம். அவர்களைத் தூங்க வைத்த பிறகு செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

5 மில்லிமீட்டர் கீற்றுக்கு 75 டிகிரியில் பெரும்பாலும் 3 முதல் 6 மணி நேரம். கொதிக்கவைத்தது சீக்கிரம் முடியும், மழைநாளில் தாமதமாகும். இரண்டரை மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். நடுவில் ஒருமுறை திருப்பி, ரேக்கை முன்பின்னாக மாற்றுங்கள். ஓரத்தில் இருப்பவை முதலில் முடியும், அவற்றை எடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடர விடலாம்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஒரு கீற்றை எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எதுவும் வளையும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆறியதை மெதுவாக வளையுங்கள். மேற்பரப்பு விரிசல் விட வேண்டும், நார்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும், ஆனால் கீற்று இரண்டாக உடையக் கூடாது. சடக்கென்று உடைந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. சாப்பிடலாம், பல்லுக்குத்தான் வேலை. விரிசலே இல்லாமல் ரப்பர் போல வளைந்தால் இன்னும் காய வேண்டும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே ஈரமோ மென்மையோ தெரியக் கூடாது.

எடையும் உதவும். பச்சையாக 1 கிலோ இருந்த இறைச்சி முடிவில் சுமார் 300 முதல் 400 கிராம் நிற்கும். 500-க்கு மேல் இருந்தால் வெளியே எடுக்க அவசரப்படாதீர்கள்.

வெளியே கட்டியாகிவிட்டது, உள்ளே பச்சை போல இருக்கிறது. என்ன ஆயிற்று?

சூடு அதிகம். மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து ஓடு கட்டிக்கொண்டது, உள்ளிருந்த நீருக்கு வெளியேற வழியில்லை. கீற்று தடிமனாக இருந்தாலும் இது நடக்கும். கீற்றுகளை ஒரு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் சமமாகப் பரவும். மறுநாள் குறைந்த சூட்டில் மறுபடி காயவையுங்கள். இந்தச் சிகிச்சை முன்னரே 71 டிகிரி கண்ட கீற்றுகளுக்கு மட்டும். வேகாதது என்றால் எறிந்துவிடுவதே சரி.

கொத்துக்கறியில் ஜெர்க்கி செய்யலாமா?

செய்யலாம். பல் சரியில்லாதவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் முழுத் தசையில் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. அதனால் இதில் நைட்ரைட் உப்பைத் தவிர்க்க வேண்டாம். 5 மில்லிமீட்டர் தடிமனில் பிழிந்தோ தட்டியோ பட்டைகளாக்கி, முதலில் 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் நடுப்பகுதி 71 டிகிரி எட்டும்வரை வேகவைத்து, அப்புறம் சூட்டைக் குறைத்துக் காயவையுங்கள். கொதிக்கும் கலவையில் போட்டால் கரைந்து குழம்பாகிவிடும், அந்த வழி இதற்கு ஆகாது.

ரொம்ப உப்பாகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

காய்ந்த பிறகு முடியாது. பொடியாக நறுக்கி, உப்புப் போடாத சூப்பிலோ பருப்பிலோ போட்டுத் தீர்த்துவிடுங்கள். ஊறும் கட்டத்திலேயே தெரிந்தால் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, ஒற்றி எடுத்துவிட்டுத் தொடரலாம்.

எப்படிச் சேமிப்பது, எத்தனை நாள் வரும்?

முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே வேர்த்து அந்த ஈரத்திலேயே பூஞ்சை பிடிக்கும். மேலே எண்ணெய் முத்துப்போல நின்றால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி மூடி ஒருநாள் பாருங்கள். கண்ணாடியில் துளி தெரிந்தால் மறுபடி ஓவனுக்கு.

நன்றாகக் காய்ந்தது, காற்றுப் புகாத டப்பாவில், அறைச் சூட்டில் 2 வாரம் வரும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ், மாதக்கணக்கில் என்றால் ஃப்ரீசர். கடைப் பொட்டலம் ஒரு வருடம் தாங்குகிறதே என்று ஒப்பிடாதீர்கள். அங்கே ஈரத்தைக் கருவியால் அளக்கிறார்கள், பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள், பைக்குள் ஆக்சிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலமும் போடுகிறார்கள். வெற்றிடப் பையில் அடைத்தாலும் அரைகுறையாகக் காய்ந்த ஜெர்க்கி தப்பாது. காற்றில்லாத ஈரத்தில்தான் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளரும்.

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. உப்பா, பூஞ்சையா?

உப்பு என்றால் பொடிப்பொடியாகப் படிகம் போல இருக்கும், ஈரவிரலால் தொட்டால் கரையும். பூஞ்சை பஞ்சு போலவோ பச்சை நீலப் புள்ளியாகவோ இருக்கும், வாடையும் வரும். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த ஜாடி முழுவதையும் எறியுங்கள். பூஞ்சை பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவது வேண்டாம்.

ஏர் ஃப்ரையரில்? மைக்ரோவேவில்?

உலர்த்தும் வசதி கொண்ட ஏர் ஃப்ரையர் என்றால் செய்யலாம், ஒரு கைப்பிடிதான் கொள்ளும். மைக்ரோவேவில் முடியாது. ஒரு பக்கம் கருகி, இன்னொரு பக்கம் வெந்து நிற்கும்.

மான் கிடைக்கவில்லை. மாட்டிறைச்சிக்கும் இதே முறைதானா?

இதே முறை, இதே 71 டிகிரி. கொழுப்பு தசைக்குள் கோடுகோடாக ஓடாத தொடைப் பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். கோழி, வான்கோழி என்றால் 74 டிகிரி.

நாய்க்குக் கொடுக்கலாமா?

இந்தக் கலவையில் செய்ததைக் கொடுக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், உப்பும் அதற்கு அதிகம். அதற்கென்று வேண்டுமானால் எதுவும் சேர்க்காத சில கீற்றுகளைத் தனியாகத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதே ரேக்கின் ஓரத்தில் காயவைத்துவிடுங்கள்.